பாறை யாருடையது, தடம் யாருடையது?

கிருஷ்ணகிரி நகரிலிருந்து எந்தச் சாலையில் புறப்பட்டாலும், சிறிது தூரத்திலேயே மாந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு பாறை தலைதூக்கி நிற்பதைக் காணலாம். சில இடங்களில் அது ஒரு முழுக் கரடு. சில இடங்களில் கால் வைத்தால் சறுக்கும் ஒற்றை வழுக்குப்பாறை. வேறு சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவைத்தாற்போன்ற குண்டுக்கற்கள். அருகில் போனால் மழைநீர் தேங்கிய சுனை இருக்கும். ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு ஒதுக்கிடம் இருக்கும். அதன் மேற்பரப்பில் வெண்ணிறத்தில் தீட்டிய பழைய உருவங்கள்கூட இருக்கலாம். பார்க்க ஆசை எழுவது இயல்பு. ஆனால் சாலைக்கும் பாறைக்கும் இடையில் ஒரு முள்வேலியும் அதில் ஒரு படலும் இருக்கின்றன. அந்தப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாமா, யாரைக் கேட்பது, கேட்டவர் சரியென்று தலையசைத்தால் அந்தத் தலையசைப்புக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

பொதுவாக இதை “அந்தப் பாறை யாருக்குச் சொந்தம்?” என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பொறுத்தவரை அது பாதிக் கேள்விதான். பாறை பல இடங்களில் அரசுப் புறம்போக்கு; தகராறு எழுவது பாறையின்மேல் அல்ல, அதை அடைவதற்கு மிதித்தாகவேண்டிய வயலிலும் தோப்பிலும். பாறை ஒருவருடையதாகவும் தடம் இன்னொருவருடையதாகவும், இந்தப் பருவத்தில் அந்தத் தோப்பில் நிற்கும் உரிமை மூன்றாமவருடையதாகவும் இருப்பது இங்கே அன்றாட நடப்பு.

பாறைகள் இப்படி வயல்களுக்கிடையே சிதறிக் கிடப்பதற்கு நிலவியல் காரணம் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து தெற்கே தருமபுரி நோக்கி வரும் நிலப்பரப்பு, ஒரு காலத்தில் பூமியின் மேலோட்டுக்குள் வெகு ஆழத்தில் புதைந்திருந்து, மேலிருந்த அடுக்குகள் அரிக்கப்பட்டதால் வெளியே வந்த பகுதியாகும். இங்குள்ள நைஸ், சார்னோக்கைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. தெற்கே போகப்போக மேலும் மேலும் ஆழத்துப் பாறையைக் காண முடிகிறது என்பதால் பல நாட்டு நிலவியலாளர்கள் இந்தப் பகுதியைத் தேடி வந்து ஆராய்ந்திருக்கிறார்கள். விரிசல் மிகுந்த இடங்களில் கல் சிதைந்து மண்ணாகிவிட, விரிசல் குறைந்த பகுதி கரடாக எஞ்சி நின்றது. அந்தச் சிதைந்த மண்ணில்தான் கேழ்வரகும் துவரையும் நிலக்கடலையும் மாவும் விளைகின்றன. வயலும் பாறையும் ஒரே கல்லின் இரண்டு நிலைகள். அவற்றை இரண்டு சொத்துகளாகப் பிரித்தது வருவாய்க் கணக்கு.

அந்தக் கணக்கு முறையின் பிறப்பிடமே இந்த மண் என்பது கவனிக்கத்தக்கது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாரமகால், திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க அனுப்பப்பட்ட கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து, சாகுபடி செய்பவரோடு நேரடியாகத் தீர்வையைப் பேசினார்கள். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய இரயத்துவாரி முறையின் தொடக்கம் அதுதான். தீர்வை விளைச்சலை நோக்கியது. விளையாத இடத்திலிருந்து வாங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே ஏர் போக முடியாத பெரிய பாறைகளும் கரடுகளும் பொதுவாக எவர் பட்டாவிலும் சேராமல் புறம்போக்காக நின்றன. ஒரு வயலுக்குள் அடங்கிவிடும் சிறிய பாறைகள் அந்த வயலோடு சேர்ந்து பட்டாவுக்குள் போயின. இடையில் 1802 தொடங்கி அன்றைய சேலம் மாவட்டத்தின் பல பகுதிகள் ஜமீன் போன்ற மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டதும், 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தாலும் 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களாலும் எஞ்சியவை இரயத்துவாரிக்குக் கொண்டுவரப்பட்டதும், 1979இல் தொடங்கி மக்கள் இன்றும் யூ.டி.ஆர். என்று சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் மீண்டும் எழுதப்பட்டதும் இந்தக் கோடுகளைப் பலமுறை நகர்த்தின. ஒரே கரட்டின் வடசரிவு புறம்போக்காகவும் தென்சரிவு ஒருவருடைய பட்டாவாகவும் இருப்பதற்கு இந்த வரலாறே காரணம்.

குறிப்பிட்ட ஒரு பாறையின் நிலை என்ன என்பதை அறிவது இன்று கடினமல்ல. கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் அதன் உட்பிரிவுக்கும் நேரே பட்டாதாரரின் பெயரோ, பாறை, கரடு, கல்லாங்குத்து, மேய்க்கால், ஓடை, வண்டிப்பாதை, தீர்வை ஏற்படாத தரிசு என்பன போன்ற அரசு வகைப்பாடோ எழுதப்பட்டிருக்கும். அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்து இதைப் பார்த்துக்கொள்ளலாம். எல்லைகள் எப்படி ஓடுகின்றன என்பதற்குப் புல வரைபடம் இருக்கிறது. புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்பதே குறுக்குவழி. பட்டா என்பது தீர்வைக்கும் அனுபோகத்திற்கும் சான்றே தவிர அதுவே முழு உரிமை ஆவணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருப்பது உண்மைதான். ஆனால் பார்க்க வருபவர் நிலத்தை வாங்கப்போவதில்லை. அவருக்கு மூலப்பத்திரமோ வில்லங்கச் சான்றோ வேண்டியதில்லை, யாரிடம் போய்ப் பேசுவது என்று தெரிந்தால் போதும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பட்டா தாத்தாவின் பெயரில் இருக்கும், அவர் காலமாகி இருபது ஆண்டு ஆகியிருக்கும், நிலத்தை மூன்று பங்காளிகள் வாய்மொழியாகப் பிரித்து அனுபவித்துக்கொண்டிருப்பார்கள். பதிவேடு காட்டும் பெயரை வைத்துக்கொண்டு ஊருக்குள் போய் விசாரித்தால்தான் இன்றைய ஆள் யாரென்று தெரியவரும்.

இனி தடத்திற்கு வருவோம். பாறை புறம்போக்கு என்று பதிவேடு சொல்லிவிட்டால் பலர் அதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். புறம்போக்குப் பாறையில் நிற்பதற்குப் பட்டாதாரர் யாரும் தடை சொல்ல முடியாது என்பது சரி; ஆனால் நான்கு பக்கமும் பட்டா நிலம் சூழ்ந்திருந்தால் வானத்திலிருந்துதான் அங்கே இறங்கவேண்டும். புல வரைபடத்தில் வண்டிப்பாதை அல்லது ஓடைப் புறம்போக்கு பாறைவரை காட்டப்பட்டிருந்தால், அதன் வழியே நடப்பதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. அந்தப் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் உழுது சேர்த்துக்கொண்டிருந்தாலும் அது பாதைதான். வரைபடத்தில் இல்லாமல் தரையில் மட்டும் தெரியும் தடம் வேறு வகை. இப்பகுதியின் கிரயப் பத்திரங்களில் “மாமூல் வண்டித்தட பாத்தியம் உள்பட” என்று ஒரு வரி தவறாமல் வரும். அது குறிப்பிட்ட ஒரு நிலத்துக்காரர் தன் நிலத்துக்குப் போய்வர அடுத்தவர் நிலத்தின் ஓரமாகப் பெற்றிருக்கும் உரிமை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இதை விரிவாக வரையறுக்கிறது: வசதியுரிமை என்பது ஒரு நிலத்தின் நன்மைக்காக இன்னொரு நிலத்தின்மேல் உள்ள உரிமை, 15ஆம் பிரிவின்படி, உரிமையாகவே கருதி, வெளிப்படையாக, சண்டையின்றி, இடைவிடாமல் 20 ஆண்டு நடந்துவந்தால் அது நிலைபெறும், அரசு நிலத்தின்மேல் என்றால் 30 ஆண்டு. இங்கே கவனிக்கவேண்டிய சொல் ‘நிலம்’. பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வண்டியில் வந்து இறங்குபவருக்கு அந்த ஊரில் நிலமில்லை. ஆகவே ஆயிரம் பேர் நடந்து தேய்ந்த தடமாக இருந்தாலும், அந்தத் தேய்மானத்தை மட்டும் காட்டி அவர் வசதியுரிமை கோர முடியாது. நாடெங்கும் தடையின்றிச் செல்ல அரசமைப்பு தரும் உரிமையும் அடுத்தவர் வயலின் குறுக்கே வழி திறந்துவிடுவதில்லை.

ஊர்க்காரர்களின் நிலை வேறு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கரட்டின்மேல் உள்ள பெருமாளைக் காண ஊரே திரண்டு ஏறும். தோப்புக்குள் நிற்கும் பழைய நடுகல் வேடியப்பனாக வழிபடப்பட்டு, ஆண்டுக்கொரு முறை அதன்முன் பொங்கல் வைக்கப்படும். அந்நாட்களில் படல் திறந்தே இருக்கும். இதைப் பட்டாதாரரின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வசதியுரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவே, வேறு நிலம் எதையும் சாராமல் பொதுமக்களுக்கு வழக்காற்றினால் வந்த உரிமைகளை இச்சட்டம் பாதிக்காது என்று விலக்கி வைத்திருக்கிறது. வழக்காறு தொன்மையானதாக, நியாயமானதாக, தொடர்ச்சியானதாக, இன்னார்க்கு இன்ன அளவில் என்று திட்டமானதாக இருந்தால் நீதிமன்றம் அதை ஏற்கும். திட்டமானது என்பதுதான் இங்கே வரம்பு. இந்த ஊரார், இந்தத் திருவிழாவில், இந்த வழியாக என்பதே வழக்காறு; அது ஆண்டு முழுவதும் அயலூர் நடைபயணிகளுக்குத் திறந்த வாசலாக விரியாது. “சாமி கும்பிட எல்லாரும் போறாங்களே” என்று வாதிடும் சுற்றுலாப் பயணி, தனக்குரியதல்லாத உரிமையைக் கடன் வாங்குகிறார்.

ஆகவே எஞ்சுவது அனுமதி. பட்டாதாரர் “பாத்துட்டு வாங்க” என்று சொல்வது சட்டத்தின் மொழியில் உரிமம். வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதை வசதியுரிமையிலிருந்து தெளிவாக வேறுபடுத்துகிறது. உரிமம் நிலத்தில் எந்தப் பங்கையும் தராது. அது இல்லாவிட்டால் தவறாகியிருக்கும் ஒரு செயலைத் தவறில்லாததாக்குகிறது, அவ்வளவே. வாய்ச்சொல்லாலும் தரலாம், நடத்தையாலும் தரலாம். தந்தவர் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்; திரும்பப் பெற்றால், 63ஆம் பிரிவின்படி, வந்தவர் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு வெளியேற நியாயமான அவகாசம் உண்டு. பாறையின் உச்சியில் இருக்கும்போது “போதும், இறங்குங்க” என்று கீழிருந்து குரல் வந்தால், இறங்கி வேலியைத் தாண்டும்வரை அவர் அத்துமீறியவர் ஆகமாட்டார். ஆனால் இன்னும் நான்கு படம் எடுத்துக்கொண்டு நிற்பதற்கு அந்த அவகாசம் தரப்படவில்லை.

நிலத்துக்காரர்கள் அனுமதி தரத் தயங்குவதற்கு நான் கேட்ட காரணங்களுள் முதன்மையானது, “இன்னைக்கு விட்டா நாளைக்குப் பாதைன்னு கேஸ் போடுவாங்க” என்பதாகும். இந்த அச்சத்தில் சட்டம் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. 20 ஆண்டு நடந்தால் உரிமை வரும் என்பது உண்மை. ஆனால் அது அனுமதியின்றி, தன் உரிமை என்ற எண்ணத்தில் நடந்த நடைக்கே பொருந்தும். கேட்டு, பெற்று, நடந்த நடை எத்தனை ஆண்டு நடந்தாலும் உரிமையாக முதிராது. கேட்காமல் நுழைபவரைக் கண்டும் காணாமல் இருப்பதைவிட, கேட்பவருக்கு அனுமதி தந்து அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதே நிலத்துக்காரருக்குப் பாதுகாப்பு. வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசினால் தெரிந்துவிடும் இந்தச் செய்தி ஊர்ப்பக்கம் ஏனோ வந்து சேரவில்லை.

அனுமதியை யார் தருவது என்பதில் மாந்தோப்புகளுக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. அத்துமீறல் பற்றிய சட்டம் உடைமையாளர் என்று பேசாமல் ‘அனுபோகத்தில் இருப்பவர்’ என்றே பேசுகிறது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தோத்தாபுரி, செந்தூரா, அல்போன்சா மரங்களின் காய்ப்பு பெரும்பாலும் பூவிலேயோ பிஞ்சிலேயோ விலை பேசப்பட்டு வியாபாரியின் கைக்குப் போய்விடுகிறது. அதன்பின் அறுவடை முடியும்வரை தோப்பில் மருந்தடிப்பவரும் காவல் இருப்பவரும் அவருடைய ஆட்கள். நகரத்தில் குடியேறிவிட்ட பட்டாதாரர் ஒருவரிடம் தொலைபேசியிலேயே அனுமதி வாங்கிக்கொண்டு, சித்திரை மாதத்தில் ஒரு தோப்புக்குள் நான் நம்பிக்கையோடு நுழைந்ததுண்டு. காவலுக்கு இருந்த பெரியவர் என்னை நிறுத்தினார். “அவரு சொன்னா ஆச்சுங்களா? காய் எறங்குற வரைக்கும் தோட்டம் எங்க பொறுப்புங்க” என்றார். சொன்னது நூற்றுக்கு நூறு சரி, தவறு என்னுடையது. காய்க்கும் பருவத்தில் இருவரிடமும் கேட்கவேண்டும். பூக்கும் தை, மாசி மாதங்களிலும் மருந்தடிக்கும் நாட்களிலும் போகாமலே இருப்பது இன்னும் நல்லது. கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி சரியென்று இன்னொருவர் மறுத்தால், முதலாமவரின் அனுமதி செல்லுமா என்று சட்டம் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. குடும்பச் சண்டைக்குள் போய்ச் சிக்கிக்கொள்வதற்கு எந்தச் சுனையும் தகுதியானதல்ல.

கேட்காமலே நுழைந்தால் என்ன ஆகும்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவைப் போலவே, குற்றம் செய்யும் நோக்கத்தோடோ, அனுபோகத்தில் இருப்பவரை அச்சுறுத்தும், அவமதிக்கும், எரிச்சலூட்டும் நோக்கத்தோடோ நுழைவதையே குற்றமுறு அத்துமீறல் என்கிறது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெறுமனே பாறையைப் பார்க்க நுழைந்தவருக்கு அந்த நோக்கம் இல்லை என்று வாதிடலாம். ஆனால் நியாயமாக உள்ளே வந்தவரும், வெளியே போகச் சொன்னபின் அதே நோக்கத்தோடு அங்கேயே நின்றால் இப்பிரிவுக்குள் வருவார் என்பதை மறந்துவிடக்கூடாது. குற்றவியல் பக்கம் தப்பினாலும், நுழைவே உரிமையியல் தவறு. மிதிபட்ட துவரைக்கும் உடைந்த சொட்டுநீர்க் குழாய்க்கும் இழப்பீடு கேட்க நோக்கம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

நிலத்துக்காரர்களின் இரண்டாவது அச்சத்தை நான் முழுவதும் நியாயமானதாகவே கருதுகிறேன். பாறையிலிருந்து ஒருவர் வழுக்கி விழுந்து இறந்துவிட்டால், குற்றம் யாருடையதாக இருந்தாலும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 என்று அறியப்பட்ட அதே மரண விசாரணை அவருடைய நிலத்தில்தான் நடக்கும். காவல் நிலையத்திற்கு அலைவது அவர்தான். அமெரிக்காவின் மாநிலங்களில், கட்டணமின்றிப் பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரை இழப்பீட்டு வழக்குகளிலிருந்து பெருமளவு காக்கும் சட்டங்கள் உள்ளன. இங்கே அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. கவனக்குறைவு பற்றிய பொது நெறிகளைக் கொண்டே நீதிமன்றம் தீர்மானிக்கும். ஆபத்துகளோ கற்பனையல்ல. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் புதருக்குள் மறைந்திருக்கும். பாறை இடுக்குகளில் மலைத்தேனீக்களின் அடை தொங்கும். புகையும் கூச்சலும் அவற்றைக் கிளப்பிவிடும். எல்லாவற்றையும்விட வேலி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தில் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. யானையை வீழ்த்திய கம்பி மனிதரை விட்டுவைக்காது. காட்டோர நிலங்களில் அந்திக்குப்பின் எந்த வேலியையும் தாண்டக்கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

மூன்றாவது அச்சம் தொல்லியல் பற்றியது. பர்கூர் அருகே மல்லப்பாடியில் 1970களின் பிற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் கண்டறிந்த, வெண்ணிறக் குதிரை வீரர் உருவங்களைக் கொண்ட ஓவியங்கள் தமிழகப் பாறை ஓவிய ஆய்வுக்கே தொடக்கமாக அமைந்தவை. சூளகிரி அருகே மல்லசந்திரத்தின் மோரல் பாறையில், பெருங்கற்கால ஈமச்சின்னங்களான கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. இப்படியான பாறை தன் நிலத்தில் இருப்பதாக வெளியே தெரிந்தால் நிலமே கைவிட்டுப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை இன்னும் நுட்பமானது. தொல்லியல் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி ஓர் இடம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டால், 18ஆம் பிரிவின்கீழ் பொதுமக்களுக்கு அங்கே செல்லும் உரிமை கிடைக்கிறது. கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை மலைக்கோட்டைகளுக்கு யாரையும் கேட்காமல் நாம் ஏறுவது அதனால்தான். நிலம் தனியாருடையதாகவே தொடர்ந்தால், உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள 6ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. பராமரிப்பு, காவல், பொதுமக்கள் வந்துபோகும் வசதி ஆகிய எல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இடம்பெறலாம். ஆனால் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின், மத்தியப் பாதுகாப்புச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. மகனுக்கு வீடு கட்ட இடம் பார்த்துவைத்திருக்கும் விவசாயி இதைக் கேட்டுத் திடுக்கிடுவதைக் குறை சொல்ல முடியாது. அறிவிக்கப்படாத பாறைகளுக்கோ, அவை எவ்வளவு பழமையானவையாக இருந்தாலும், பார்வையாளருக்கு இத்தகைய உரிமை எதுவும் இல்லை. ‘பாண்டவர் வீடு’ என்று மக்கள் அழைக்கும் கற்திட்டைகளைப் புதையல் ஆசையில் பெயர்த்தவர்கள் பலர் என்பதால், அறிமுகமில்லாதவர் பாறையைப் பற்றி விசாரித்தாலே ஊர் சந்தேகப்படுகிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாகவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பின்னால் வெளியே பேசப்படாத ஒரு கணக்கு இருக்கிறது. இம்மாவட்டங்களின் கல்லுக்கு விலை உண்டு. பர்கூர், ஜெகதேவி வட்டாரத்து வண்ணக் கிரானைட் கடல் கடந்து போகிறது. நிலத்தடிக் கனிமம், சட்டம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, நிலத்துக்காரரையே சேரும் என்று கேரளத்து நிலங்கள் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. ஆனாலும் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி, சொந்தப் பட்டாவில் உள்ள பாறையைக்கூட அரசின் அனுமதியின்றி வெட்டியெடுக்க முடியாது. அனுமதி கேட்டுக் குவாரிக்கு விடும் வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது. அப்படி விடாமல் பாறையைப் பாறையாகவே வைத்திருப்பவரிடம்தான் நாம் இலவசமாகப் பார்க்க அனுமதி கேட்டு நிற்கிறோம். அவர் தலைக்கு இருபது ரூபாய் கேட்டால் அதைப் பேராசை என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கட்டணம் வாங்கத் தொடங்கியவுடன் வருபவரின் பாதுகாப்பில் அவருடைய பொறுப்பும் கூடிவிடுகிறது என்பதை மட்டும் அவர் அறிந்திருக்கவேண்டும்.

காப்புக்காடுகளில் உள்ள பாறைகளும் அருவிகளும் இந்த விவாதத்துக்கு வெளியே நிற்கின்றன. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும் காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டபின் இம்மாவட்டங்களின் காட்டுப்பகுதி பெருமளவு அவற்றுக்குள் வந்துவிட்டது. அங்கே வனத்துறையின் அனுமதி தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் நேர்ந்த காட்டுத்தீக்குப்பின் மலையேற்றத்திற்கென்றே அரசு தனி விதிகளை வகுத்தது.

சுவீடனில் எவர் நிலத்திலும், வீட்டையும் பயிரையும் விட்டு விலகி, நடக்கும் உரிமை வழக்காறாகவே இருக்கிறது; ஸ்காட்லாந்து 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதைப் போன்ற ஒன்றைத் தந்தது. இவற்றை இங்கே கொண்டுவரவேண்டும் என்ற குரல் இணையத்தில் எழுவதுண்டு. இரண்டு ஏக்கர் மாந்தோப்பின் நடுவில் உள்ள பாறைக்கு ஸ்காட்லாந்தின் மேய்ச்சல் மலை எவ்வகையிலும் ஒப்பாகாது. நம் ஊர்களில் பயிரை விட்டு விலகி நடக்க இடமே இல்லை. அமெரிக்க ஏற்பாடு நமக்கு நெருங்கியது. அங்கே 1962இல் தொடங்கிய தேசிய இயற்கைச் சின்னங்கள் பட்டியலில் 600 இடங்கள் போல் உள்ளன. அவற்றுள் கணிசமானவை தனியார் நிலங்கள். பட்டியலில் சேர்ந்ததாலேயே பொதுமக்களுக்கு நுழையும் உரிமை வந்துவிடுவதில்லை. நெவாடா மாநிலத்தின் ஃபிளை வெந்நீர் ஊற்று, 1964இல் தோண்டிய ஓர் ஆழ்துளையிலிருந்து பீறிட்டு வளர்ந்த வண்ணக் குவிமாடம். நெடுங்காலம் பூட்டிய கதவுக்குப்பின் இருந்த அதை 2016இல் நிலத்தோடு ஒரு தொண்டு அமைப்பு வாங்கிய பிறகு, வழிகாட்டியோடு சிறு குழுக்களாகச் சென்று பார்க்க வழி பிறந்தது. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியின் பாறைக்குன்றுகள் 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தே அரசு இதைச் செய்யவேண்டும் என்கிறது. பாறை புறம்போக்காகவும் தடம் பட்டாவாகவும் இருக்கும் நம் ஊர்களில், ஊராட்சியை நடுவில் வைத்துத் தடத்துக்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்ள இதைவிட இணக்கமான வழி எனக்குத் தென்படவில்லை.

அதுவரை தனித்தனி அனுமதிதான். அனுமதி பெற்றவர் கையோடு அந்த இடத்தின் புள்ளியை வரைபடச் செயலியில் ஏற்றிவிடுவது, இரண்டு பேருக்குக் கிடைத்த உரிமத்தை இருநூறு பேருக்குத் தன்னிச்சையாக எழுதித்தருவதற்கு ஒப்பானது, உரிமம் கைமாற்றத்தக்கதல்ல. படம் வெளியிடலாமா, ஊர்ப்பெயரைச் சொல்லலாமா என்பதையும் பாறையைப் பார்க்கலாமா என்று கேட்கும்போதே கேட்டுவிடவேண்டும். திருமண ஜோடியையும் புகைப்படக் குழுவையும் அழைத்துவருவதாக இருந்தால் அது வேறு அனுமதி. எழுத்து வேண்டும் என்று இருவரில் ஒருவர் நினைத்தாலும் அரைப்பக்கத் தாள் போதும்: தேதி, கிராமம், புல எண், வருபவர் எத்தனை பேர், எந்தத் தடத்தின் வழியாகப் போய் எத்தனை மணிக்குள் திரும்புவார்கள், இது பார்வைக்கான அனுமதி மட்டுமே, வழிப் பாத்தியம் எதுவும் இதனால் ஏற்படாது என்ற ஒரு வரி, இருவர் கையொப்பம். இரண்டு படி எடுத்து, ஒன்றை நிலத்துக்காரரிடமே விட்டுவிட்டு வரவேண்டும். பின்னாளில் அது அதிகம் பயன்படப்போவது அவருக்குத்தான்.